‘நாங்களே போன் பண்றோம்!’

முதல் இன்டர்வியூவுக்கு எப்படிப் போகணும்னு சொல்லித்தர ஊருக்குள்ள ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஷூவுக்குப் பாலிஷ் போடு, ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’பை மனப்பாடம் பண்ணு, கண்ணைப் பார்த்துப் பேசு, உட்காரச் சொன்னா மட்டும் உட்காரு... பக்கத்து வீட்டு மாமாவில் இருந்து பிளேஸ்மென்ட் ஆபீஸர் வரைக்கும் ஆளுக்கொரு லிஸ்ட் வெச்சிருக்காங்க. ஆனா, எல்லாம் முடிஞ்சு ‘சரி தம்பி, நாங்களே போன் பண்றோம்’னு வாசலைக் காட்டுவாங்களே... அதுக்கப்புறம் என்ன நடக்கும், நாம என்ன செய்யணும்னு யாராவது சொல்லியிருக்காங்களா? எனக்கு யாரும் சொல்லலை. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை உங்களுக்குச் சொல்லிடறேன்.

அது 2022 செப்டம்பர். எனக்கு 19 வயசு. மதுரையில் பி.காம். ரெண்டாவது வருஷம். காலை ஷிஃப்ட் காலேஜ், மதியம் ஒன்றரைக்கெல்லாம் விட்டுடும். அப்பாவோட ஆட்டோவுக்கு எஃப்.சி. காட்ட வேண்டிய நேரம். டயர், பெயின்ட்டுனு செலவு இழுத்துக்கிட்டே போச்சு. ‘என் எக்ஸாம் ஃபீஸை நான் பார்த்துக்கறேன்’னு வீட்டில் வாய் வார்த்தையா சொல்லி வெச்சிருந்தேன். தீபாவளிக்கு முன்னாடி ஜவுளிக்கடைகளில் தற்காலிகமா ஆள் எடுப்பாங்க இல்லையா? ஒரு பெரிய கடைக்கு (பேர் வேண்டாமே!) பயோ-டேட்டாவோட போய் நின்னேன்.

இன்டர்வியூ மொத்தமே பத்து நிமிஷம்தான். ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ எல்லாம் இல்லை. மேனேஜர் ஒரு சேலையை விரிச்சுப் போட்டு, ‘மடி, பார்ப்போம்’ என்றார். மடிச்சேன். அடுத்து ஒரு கேள்வி. ‘ஒரு அம்மா முப்பது சேலையை எடுத்துப் போடச் சொல்லிப் பார்த்துட்டு, ஒண்ணுமே வாங்காமப் போயிட்டா என்ன பண்ணுவே?’ எனக்குச் சட்டுனு தோணினதைச் சொன்னேன். ‘முப்பதையும் மடிச்சு வைப்பேன் சார்.’ சிரிச்சுட்டார். ‘சரி தம்பி, நாங்களே போன் பண்றோம்.’

சிரிச்சாரே, அப்போ வேலை கிடைச்ச மாதிரிதானேனு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அன்னிக்கு ராத்திரியே போனை சைலன்ட்ல இருந்து எடுத்தாச்சு. மூணாவது நாள் பாத்ரூமுக்குப் போகும்போதுகூட போன் கையில். கஸ்டமர் கேர்ல இருந்து காலர் ட்யூன் மாத்தச் சொல்லிக் கூப்பிட்டாக்கூட நெஞ்சு படபடன்னு அடிக்கும். எட்டு நாள்... ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. ‘சேலையை இடது பக்கமா மடிச்சிருக்கணுமோ?’ங்கிற ரேஞ்சுக்கு மண்டைக்குள்ள ரீவைண்ட் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

இப்போ யோசிச்சுப் பார்த்தா ஒண்ணு தெளிவாப் புரியுது. அந்த மௌனத்துக்கும் நமக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. கேள்வி கேட்டவர் ஒருத்தர், ‘ஓகே’ சொல்ல வேண்டியவர் இன்னொருத்தரா இருப்பார். முதலாளி வெளியூர் போயிருப்பார். கூட்டம் சேரச் சேர ஆள் எடுத்துக்கலாம்னு பேப்பரை டிராயருக்குள் போட்டிருப்பாங்க. முதல் பட்டியலில் இருக்கிறவங்க வரலைன்னா, ரெண்டாவது பட்டியலைத் தூக்குவாங்க. ஜவுளிக்கடையில் மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. அதே 2022-ல் பாஸ் பண்ணின எத்தனையோ இன்ஜினீயர்கள், ஐ.டி. கம்பெனிகள் கொடுத்த ஆஃபர் லெட்டரைக் கையில் வெச்சுக்கிட்டு, சேரும் தேதி தெரியாம மாசக்கணக்கில் காத்துக் கிடந்தது செய்தித்தாள்களில் எல்லாம் வந்துச்சு. அவங்க இன்டர்வியூவில் ஜெயிச்சவங்க, ஞாபகம் இருக்கட்டும்!

அதனால காத்திருக்கிற நாட்களில் ரெண்டு வேலை செய்யுங்க. ஒண்ணு, அடுத்த இடத்துக்கு அப்ளிகேஷன் போடுங்க. ஒரே ஒரு கதவைப் பார்த்துக்கிட்டு நின்னா, அந்தக் கதவு மலை மாதிரித் தெரியும். ரெண்டாவது, ஒரு வாரம் போனதும் நீங்களே கேளுங்க. ‘சார், போன வாரம் இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன், முடிவு ஆயிடுச்சுங்களா?’ அவ்வளவுதான். கெஞ்ச வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். கம்பெனின்னா மூணு வரி மெயில் போதும். இப்படிக் கேட்டா ‘அலையறான்’னு நினைச்சுக்குவாங்களோனு கூச்சமா இருக்கும். நினைக்க மாட்டாங்க. கேட்டவன் முகம்தான் அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஒன்பதாவது நாள் நானே கடைக்குப் போனேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும், ‘அட, முப்பது சேலையா! நாளையில இருந்து வந்துடு’ என்றார். ஆகாயத்துல பறந்தேன். அடுத்த வரி வந்துச்சு பாருங்க... ‘வரும்போது ப்ளஸ் டூ மார்க் ஷீட் ஒரிஜினலைக் கொண்டுவந்து கொடுத்துடு. சீசன் முடிஞ்சதும் வாங்கிக்கலாம்.’

மக்களே, இன்டர்வியூவைவிட முக்கியமான இடம் இதுதான். ‘யூ ஆர் செலக்டட்’னு காதில் விழுந்ததும் நாம சொல்ற எல்லாத்துக்கும் தலையாட்ட ஆரம்பிச்சுடுவோம். அவங்க நம்மளைத் தேர்ந்தெடுத்தாச்சு, சரி. நாம அவங்களைத் தேர்ந்தெடுத்தோமா?

‘அட்டெஸ்டட் ஜெராக்ஸ் தர்றேன் சார், ஒரிஜினலைக் காட்டறேன், நீங்க பார்த்துக்கிட்டுத் திருப்பிக் கொடுத்துடுங்க’ன்னு சொன்னேன். ‘எல்லாப் பசங்களும் கொடுத்திருக்காங்க தம்பி. பாதியில் ஓடிட்டா நான் யாரைப் பிடிக்கிறது?’ என்றார். அவர் பக்கத்துக் கஷ்டமும் புரிஞ்சுது. ஆனா, அந்தப் பேப்பர் என் ப்ளஸ் டூவோட ரெண்டு வருஷம். ‘வீட்டில் கேட்டுச் சொல்றேன் சார்’னு வந்துட்டேன்.

அம்மாவுக்கு ஏற்கெனவே பயம். ‘அங்காடித் தெரு’ படத்தை டி.வி.யில் பார்த்ததில் இருந்து ஜவுளிக்கடைன்னாலே அவங்களுக்கு வயித்தைக் கலக்கும். ‘உனக்கு வேலையே வேண்டாம்டா’ன்னாங்க. அப்பா மட்டும் சாப்பிட்டுக்கிட்டே சொன்னார். ‘வண்டியை அடமானம் வைக்கலாம்டா. லைசென்ஸை அடமானம் வைக்கக் கூடாது.’ முடிஞ்சது. அந்த வேலைக்கு நான் போகலை.

வருத்தமா இருந்துச்சான்னு கேட்டா, இருந்துச்சு. எக்ஸாம் ஃபீஸ் தேதி நமக்காகத் தள்ளிப்போகுமா என்ன? ஆனா, நான் சும்மா உட்காரலையே... அந்த எட்டு நாளில் இன்னும் மூணு கடையில் பேப்பர் கொடுத்திருந்தேன். அதில் விளக்குத்தூண் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கடையில் இருந்து போன் வந்துச்சு. இந்த முறை நான் நாலு கேள்வி எழுதி எடுத்துக்கிட்டுப் போனேன். எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரைக்கும்? ஒரு நாளுக்கு எவ்வளவு? சம்பளம் எந்தத் தேதியில்? சாப்பாடு உண்டா, காசைப் பிடிப்பீங்களா? அண்ணாச்சி என்னை மேலும் கீழுமாப் பார்த்தார். ‘வேலைக்கு வர்றியா, ஆடிட்டிங்குக்கு வர்றியா?’ அப்புறம் ஒவ்வொண்ணுக்கா பதில் சொன்னார். மதியம் ரெண்டரை முதல் ராத்திரி பத்து வரைக்கும், நாளுக்கு 350 ரூபாய், ராத்திரி டிபன் கடைச் செலவு, தீபாவளிக்கு முந்தின நாள் செட்டில்மென்ட். ஆதார் ஜெராக்ஸ் மட்டும் போதும்!

அக்டோபர் ஒண்ணாம் தேதி சேர்ந்தேன். முதல் நாள் ராத்திரி கெண்டைக்கால் ரெண்டும் கல்லாயிடுச்சு. ரெண்டாம் நாள்தான் கவனிச்சேன், கவுன்டருக்குப் பின்னாடி ரெண்டு ஸ்டூல் கிடந்துச்சு. கூட்டம் இல்லாதப்போ மாறி மாறி உட்கார்ந்துக்குவோம். இது அண்ணாச்சியோட தாராள மனசு மட்டும் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் கொண்டுவந்த திருத்தப்படி, கடையில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் உட்கார இருக்கை வசதி செஞ்சு தரணும். கேரளாவில் 2018-லயே வந்தாச்சு. உங்க முதல் வேலையும் ஒரு கடையில்தான்னா, இது தெரிஞ்சிருக்கட்டும்.

இன்னொண்ணு, தினமும் வந்த நேரம், போன நேரத்தை ஒரு பாக்கெட் டைரியில் குறிச்சுக்கிட்டே வந்தேன். செட்டில்மென்ட் அன்னிக்குக் கடை நோட்டில் 22 நாள்னு இருந்துச்சு, என் டைரியில் 23. காட்டினேன். விடுபட்ட அந்த ஒரு ஞாயித்துக்கிழமையைக் கணக்குப்பிள்ளை கண்டுபிடிச்சுச் சேர்த்தார். 8,050 ரூபாய். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒரு பத்து ரூபாய் டைரி, 350 ரூபாயை மீட்டுக் கொடுத்துச்சு!

இது சீசன் வேலை. நாளைக்கு கேம்பஸில் உங்களுக்குப் பெரிய வேலையே கிடைக்கலாம். அங்கேயும் இதே கதைதான், பேர்தான் வேற. ‘சி.டி.சி.’ன்னு ஒரு பெரிய நம்பரைச் சொல்வாங்க. கம்பெனி தன் பங்குக்குக் கட்டுற பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ்னு மாசாமாசம் உங்க கைக்கு வராத பணமும் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். அதனால ‘டேக் ஹோம் எவ்வளவு சார்?’னு கேளுங்க. உதாரணத்துக்கு, மாசச் சம்பளம் 18,000, அதில் அடிப்படைச் சம்பளம் 10,000-ன்னு வெச்சுக்குங்க. பி.எஃப். 12 சதவிகிதம்னா 1,200 போகும். ஈ.எஸ்.ஐ. 0.75 சதவிகிதம், அதாவது 135. கைக்கு வர்றது 16,665. முதல் மாசம் பேங்க் மெசேஜைப் பார்த்து ‘ஏமாத்திட்டாங்கடா!’ன்னு அலறாதீங்க. பி.எஃப். உங்க பணம்தான், உங்க கணக்கில் சேருது. அதுக்குக் கொடுக்கிற யூ.ஏ.என். நம்பர், நீங்க எத்தனை கம்பெனி மாறினாலும் கூடவே வரும். பத்திரமா எழுதி வையுங்க.

அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கேட்கத் தயங்காதீங்க. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பணி நியமனக் கடிதத்தைக் கட்டாயம்னு சொல்லுது. பாண்டு போடச் சொன்னா, எத்தனை வருஷம், பாதியில் விட்டா எவ்வளவுங்கிற ரெண்டு வரியையாவது வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. ‘ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட், ட்ரெயினிங் கட்டணம்’னு வேலை கொடுக்கிறதுக்கு முன்னாடியே பணம் கேட்டா, அங்கேயே பை-பை! ஆன்லைனில் அப்படி யாராவது ஏமாந்துட்டா, உடனே 1930-க்கு போன் போடச் சொல்லுங்க. சைபர் மோசடிப் புகாருக்கான எண் அது.

‘இல்லை’ன்னு பதில் வந்தா? வரும். எல்லாருக்கும் வரும். அன்னிக்கு ஒரு நாள் மனசு சோர்ந்துதான் போகும், போகட்டும். ஒரு ஜிகர்தண்டாவைக் குடிச்சுட்டு, அவங்க கேட்ட கேள்விகளை மறக்கிறதுக்குள்ள ஒரு பேப்பரில் எழுதி வையுங்க. அடுத்த இன்டர்வியூவில் அதில் பாதியாவது திரும்ப வரும், கேரன்டி.

சரி, அடுத்த வாரம் உங்களுக்கோ உங்க ஃப்ரெண்டுக்கோ முதல் இன்டர்வியூ இருக்கா? சட்டையை அயர்ன் பண்ணிக்குங்க, பயோ-டேட்டாவை ரெண்டு காப்பியா எடுத்துக்குங்க. எல்லாம் முடிஞ்சு எழுந்திருக்கும்போது மட்டும், நாற்காலியை நகர்த்திப் போட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. ‘முடிவு எப்போ தெரியும் சார்? அதுக்குள்ள தெரியலைன்னா நான் யாரைக் கேட்கலாம்?’

ஒரு தேதியும் ஒரு பேரும் கையில் இருந்தா, ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம். ஆல் தி பெஸ்ட்!