கரையின் மறுபக்கம்

கண்மாய்க்கரையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கரை ஏறியதும் தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள். முதலில் திரும்பி, கரையின் வெளிச்சரிவைப் பார்ப்பார்கள். நண்டு வளை இருக்கிறதா, எங்காவது பொசிகிறதா, புல் ஓரிடத்தில் மட்டும் பச்சையாக இருக்கிறதா என்று கண் தானாகப் போகும். மானாமதுரைப் பக்கம் எங்கள் ஊரை விட்டு வந்து நாற்பது வருடமாகியும் எனக்கு அது போகவில்லை.

அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கும் அண்ணன் மகள் வீட்டில் இறங்கிய மறுநாள் காலை, அந்தப் பழக்கத்தோடுதான் அவர்கள் ஏரிக்கரையில் ஏறினேன். "அத்தை, வீட்டுக்குப் பின்னாடியே ஏரி" என்று அவள் போனில் பல தடவை சொல்லியிருந்தாள். பொய்யில்லை. எட்டு ஏக்கர் இருக்கும். பைன் மரங்களின் நிழல் அசையாமல் தண்ணீரில் கிடந்தது. ஒரு சிறு படகுத்துறை, நாலைந்து துடுப்புப் படகு, வாத்துகள். எந்த வயலுக்கும் பாயாத, யார் வீட்டுக் குழாய்க்கும் போகாத தண்ணீர். பார்ப்பதற்கும் மீன் பிடிப்பதற்கும் மட்டும் தேக்கியது. முப்பது வருடத்துக்கு முன் மனை பிரித்து விற்றவர்கள் ஓடையை மறித்துக் கரை போட்டார்களாம். இப்போது அது குடியிருப்போர் சங்கத்தின் சொத்து.

கரை இருபதடி உயரம். வெளிச்சரிவில் என் இடுப்பளவு பருமனுள்ள பைன் மரங்கள் வளர்ந்திருந்தன. அவற்றின் நடுவே, கை நுழையும் அளவுக்கு இரண்டு வளைகள். அடிவாரத்தில் ஒரு பாய் அகலத்துக்கு நிலம் சொதசொதவென்று இருந்தது. அங்கே மட்டும் சம்பு வளர்ந்திருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அமெரிக்காவில் இதையெல்லாம் பார்க்க யாராவது இருப்பார்கள், அளந்து எழுத ஒரு அதிகாரி வருவார் என்று நம்பிக்கொண்டு வந்தவள் நான்.

கரையில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு கிழவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். சாலை போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தென்மாநில ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. என்னோடு வந்திருந்த பேரன், அண்ணன் மகளின் பையன், மீதியைச் சொன்னான். நான் சம்பைச் சுட்டியதும் அவர் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

ஏரிக்குள் நிமிர்ந்து நிற்கும் ஒரு நெளிதகரக் குழாயைக் காட்டினார். மிஞ்சிய தண்ணீர் அதற்குள் விழுந்து, கரைக்கு அடியில் படுத்திருக்கும் இன்னொரு குழாய் வழியாக வெளியே போக வேண்டும். தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் கரையின் மண் கொஞ்சங்கொஞ்சமாகக் குழாய்க்குள் இறங்கிவிடும். மேலே புல் பச்சையாகவே இருக்கும், உள்ளே கரை பொக்கையாகிக்கொண்டிருக்கும். குழாயின் வாயைப் பீவர்கள் சுள்ளி வைத்து அடைப்பதும் உண்டு. மரத்தை வெட்டிவிட்டால் போதாதா என்றேன். வெட்டினால் வேர் மக்கி, அது போன வழியெல்லாம் தண்ணீருக்குச் சுரங்கமாகிவிடும். வேரோடு தோண்டி, மண் போட்டு இறுக்க வேண்டும் என்றார். அரசாங்கத்திலிருந்து யாரும் வர மாட்டார்களா? ஜார்ஜியா சட்டப்படி 25 அடி உயரமோ 100 ஏக்கர் அடி கொள்ளளவோ இருந்தால்தான் அது அணை. இந்தக் கரை இரண்டிலும் குறைவு.

கரையின் ஓரத்தில், மழைக்காலத்தில் தண்ணீர் மறுகால் போவதற்காகத் தாழ்த்தி வெட்டிய புல்தரை ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் கலுங்கு என்போம். அதன் குறுக்கே ஒரு வீட்டுக்காரர் நாய்க்காகக் கம்பிவேலி போட்டிருந்தார். இலையும் சுள்ளியும் வந்து அடைந்தால் அந்த வேலி சுவராகிவிடும். பென்சில்வேனியாவில் பணக்காரர்களின் மீன்பிடி மன்றம் ஒன்று சவுத் ஃபோர்க் அணையின் கலுங்கில், மீன் தப்பிப் போகாமலிருக்கக் கம்பிவலை போட்டு வைத்திருந்தது. 1889 மே 31 அன்று பெருமழையில் அந்த வலையில் குப்பை அடைத்துக்கொண்டது. அந்த மன்றம் வண்டி போவதற்கு வசதியாகக் கரையின் உச்சியையும் தாழ்த்தியிருந்தது. கரை போனது. ஜான்ஸ்டவுன் வெள்ளத்தில் 2,200க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நாய் வேலியைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊரில் இதற்கென்றே ஒருவர் இருந்தார், நீர்பாய்ச்சி. ஐப்பசி மழையில் அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாக ராத்திரி முழுக்கக் கரை நடப்பார். அடிவாரத்தில் பொசியும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி விளக்கில் பார்ப்பார். தெளிவாக இருந்தால் அடுத்த இடத்துக்குப் போவார். கலங்கலாக இருந்தால் கரையே கரைந்து வருகிறது என்று அர்த்தம். ஒரு சத்தம் கொடுப்பார். அந்தச் சத்தத்துக்கு ஊரே வைக்கோலும் மண்ணுமாக ஓடும். ஏனென்றால் எல்லாருடைய நெல்லும் அந்தத் தண்ணீரில் இருந்தது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் எனக்கு இப்போது முடியாது. அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். கண்மாயின் உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். தண்ணீர் வராத கண்மாயின் கரையை எங்கள் ஊரிலும் யாரும் நடப்பதில்லை.

அன்று இரவு சாப்பாட்டின்போதுதான், அந்தக் கரையைப் பற்றி வீட்டில் ஏற்கனவே சண்டை நடந்துகொண்டிருப்பது தெரிந்தது. சங்கம் ஒரு பொறியாளரை வைத்துப் பார்த்திருக்கிறது. குழாயை மாற்ற வேண்டும், மரங்களை எடுக்க வேண்டும், வீட்டுக்கு நாலாயிரம் டாலர். பாதிப் பேர் முடியாது என்றார்கள், அதில் மாப்பிள்ளையும் ஒருவர். அண்ணன் மகள் கொடுத்துவிடலாம் என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. விருந்தாளி.

சனிக்கிழமை எனக்காக ஓர் அருவிக்குக் கூட்டிப் போனார்கள். ஜார்ஜியாவின் வடகிழக்கில் டொக்கோவா என்ற சிற்றூர். ஒரு கிறித்தவக் கல்லூரியின் வளாகத்துக்குள் அருவி இருக்கிறது. 186 அடி. குற்றாலத்தை மனதில் வைத்துக்கொண்டு போனதால் ஏமாற்றமாக இருந்தது. வெள்ளைத் தாவணியைப் பாறையில் காயப்போட்ட மாதிரி மெலிந்து விழுந்துகொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளியோதரையைப் பிரித்தோம். பேரன் மட்டும் நினைவுக்கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். "பாட்டி, இங்க 39 பேர் செத்துட்டாங்களாம். மேல ஒரு ஏரி இருந்துச்சாம்."

அதற்குப் பிறகு புளியோதரை இறங்கவில்லை. மாப்பிள்ளை போனில் தேடித் தேடி வாசித்தார். நானும் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். அருவிக்கு மேலே, காட்டுக்குள் கெல்லி பார்ன்ஸ் அணை இருந்தது. 1899இல் மரச்சட்டமும் கல்லுமாக முதலில் கட்டினார்கள். 1930களின் கடைசியில் அந்தக் கல்விநிலையம் மின்சாரத்துக்காக அதன்மேல் மண் போட்டுக் கரையாக்கி, பின்னால் இன்னும் உயர்த்தியது. 1957இல் மின்சாரம் எடுப்பதை நிறுத்தினார்கள். அதன்பிறகு அந்த 40 ஏக்கர் ஏரி மீன் பிடிக்கவும் பொழுது போக்கவும்தான். கரை 38 அடி உயரம், செங்குத்தான வெளிச்சரிவு, அதில் மரங்கள். சரிவின் ஒரு பகுதி சில வருடங்களுக்கு முன்பே சரிந்திருந்தது. 1977 நவம்பரில் நாலு நாளில் 7 அங்குல மழை. 6ஆம் தேதி ஞாயிறு அதிகாலை ஒன்றரை மணிக்கு உடைப்பெடுத்தது. கீழே, ஓடையோரத்தில், மாணவர் குடும்பங்கள் டிரெய்லர் வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தன. செத்தவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். எதனால் உடைந்தது என்று விசாரித்தவர்களால் ஒரே ஒரு காரணத்தைச் சுட்ட முடியவில்லை.

அமெரிக்க அணைகளைச் சோதிக்கச் சொல்லும் சட்டம் 1972இலேயே வந்திருந்தது. சோதனைக்குப் பணம்தான் வரவில்லை. ஜார்ஜியாக்காரரான ஜிம்மி கார்ட்டர் அப்போது அதிபர். டொக்கோவாவுக்குப் பிறகு அவர் உத்தரவிட்டு, கிட்டத்தட்ட 9,000 அணைகளைப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பில்லாதவை என்று தெரிந்தது. 1978இல் ஜார்ஜியாவுக்கு அணைச் சட்டம் வந்தது. கிழவர் சொன்ன 25 அடிக் கணக்கு அந்தச் சட்டத்தில் உள்ளதுதான்.

திரும்பி வரும்போது காரில் நான் கேட்டுவிட்டேன். "மாப்பிள்ளை, அந்த நாலாயிரத்தைக் கொடுத்தா என்ன?"

"அத்தை, நான் ஒரு நாள்கூட அந்தப் படகுல ஏறினதில்ல. கட்டி வித்தவன் லாபத்தை எடுத்துட்டுப் போயிட்டான். அரசாங்கமே அதை அணைன்னு சொல்லல. நான் மட்டும் எதுக்கு?"

"யார் படகுல ஏறினாங்கன்னு கேட்டுட்டா தண்ணி வரும்?"

குரல் உயர்ந்துவிட்டது. ஊரில் மாப்பிள்ளையிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். அண்ணன் மகள் பாட்டைப் போட்டாள். வீடு வரும்வரை இளையராஜா மட்டும்தான். அவர் கேட்டதில் நியாயமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. முப்பது வருடத்துக்கு முன் மனை விற்றவர் போன பின், கடைசியாகக் கையில் சாவி வாங்கியவர் தலையில் அந்தக் கரை விழுந்திருக்கிறது. இந்த நாட்டில் பதிவேட்டில் உள்ள 90,000க்கும் மேற்பட்ட அணைகளில் பாதிக்கு மேல் தனியாருடையவை. இப்படி எத்தனை சாப்பாட்டு மேசைகளில் இந்தச் சண்டை நடக்கும்!

ஊருக்குக் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது மழை பிடித்தது. பகல் முழுக்கப் பெய்து, இரவிலும் விடவில்லை. ஒன்றரை மணிக்கு விழிப்பு வந்தது. படுக்க முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். சத்தம் கேட்டு மாப்பிள்ளையும் எழுந்து வந்தார். "அத்தை, எங்க போறீங்க?" என்றார். பதில் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

கரையின் அடிவாரத்தில் ஒரு வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. கிழவர்தான், முழங்கால்வரை ரப்பர் பூட்சு போட்டிருந்தார். நாய் வேலி பிடுங்கிப் புல்மேல் கிடந்தது. அவர் சம்புக்குப் பக்கத்தில் குனிந்து, ஒரு வெள்ளைக் காகிதக் கோப்பையில் பொசிந்த தண்ணீரை மொண்டு, டார்ச்சின் முன்னால் பிடித்தார். நான் குனிந்து பார்த்தேன். கோப்பையின் அடி தெரிந்தது. தெளிவாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டார்: "கலங்கலாக வந்தால் என்ன செய்வீர்கள்?"

கிழவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு தாள், பேனாவால் எழுதிய பதினோரு பெயர், பதினோரு போன் நம்பர். மாப்பிள்ளை செல்போன் வெளிச்சத்தில் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். திரும்ப ஒரு தடவை பார்த்தார்.

"இதில் எங்கள் நம்பர் இல்லையே."

"நீங்கள் கரைக்கு மேலே இருக்கிறீர்கள்" என்றார் கிழவர். தாளை வாங்கி உறையில் போட்டுக்கொண்டு, கோப்பைத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். மாப்பிள்ளை என் குடையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். நாங்கள் அவர் பின்னால் நடந்தோம்.