குருத்தும் எலும்பும்

சென்ற மாரியில் வேலிப் பூவரசிலிருந்து விழுந்த என் பேரனுக்கு எடுத்த எக்ஸ்றேப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பின் குறுக்கே ஓடிய கரிய கோடொன்றைக் கண்டு முறிவென்றே நான் நடுங்கிப்போக, வைத்தியர் சிரித்து, "ஐயா, அது முறிவில்லை, எலும்பு வளருற இடம், அங்கை இருக்கிற குருத்தெலும்பு படத்திலை விழாது" என்றார்.

"அப்ப அம்மப்பா, குருத்து முத்தித்தான் எலும்பாகுதோ?" என்றான் பேரன். பனங்குருத்து ஓலையாவதை அன்றாடம் காணும் பிள்ளை வேறெப்படிக் கேட்பான்? ஆமென்று சொல்லிவிட்டேன். வீடு வரும்வரை அந்த 'ஆம்' உறுத்திக்கொண்டே வந்தது.

சொல்லிலிருந்தே தேடத் தொடங்கினேன். எலும்புகள் முந்நூறெனக் கணக்கிட்ட சுசுருத சங்கிதை, அவற்றுள் ஒரு வகையைத் 'தருணம்', அதாவது இளையது, என்கிறது. நமது 'குருத்து' என்ற சொல்லிலும் அதே எண்ணமே உறைகிறது.

அடுத்து என் நினைவு மானிப்பாய்க்குச் சென்றது. 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பிக்க முனைந்த ஊர் அது. 1858இல் இலண்டனில் வெளிவந்த கிறேயின் சரீர நூல், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழுடை பூண்டதும் அவர் முயற்சியாலேதான். ஒவ்வோர் எலும்பும் எத்தனை மையங்களில், எவ்வெப் பிராயத்தில் கெட்டிப்படுகிறது என்று சலிக்காமல் விவரிக்கும் நூல், கிறேயின் மூலம்.

ஆயினும் வளர்ச்சி எங்கே நிகழ்கிறது என்ற வினா அதற்கும் மூத்தது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், கோழிக்குஞ்சின் கால் எலும்பில் இரு துளைகளிட்டு, எலும்பு நீண்ட பின்னும் துளைகளின் இடைவெளி மாறாதிருப்பதைக் கண்டு, எலும்பு நீள்வது நுனிகளிலேயே என்று 1727இல் எழுதினார். சில ஆண்டுகளில், மஞ்சிட்டி இனத்துச் சாயவேர்த் தவிடு தின்ற பன்றியின் எலும்பு சிவந்திருக்க ஜோன் பெல்சியர் கண்டார்; அந்த உபாயத்தைக் கைக்கொண்ட பிரான்சியரான டியூஅமெல், எலும்பு பருமனாவது மேலே படலம் படலமாகப் படிவதால் என்று காட்டினார். அச்சிவப்புக்குக் காரணமான அலிசரின், ஒல்லாந்தர் காலத்தில் நம் வடபுலத்து மணலிற் கிண்டியெடுத்துத் துணிக்கு ஊட்டிய சாயவேரிலும் உண்டு. வேர் நம்மிடம் இருந்தது. எலும்பைப் பார்க்கத்தான் எவருக்கும் தோன்றவில்லை!

இனி, பேரனின் வினா. கர்ப்பத்தில் கை கால்களின் நீண்ட எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகவே உருக்கொள்கின்றன. ஏறத்தாழ எட்டாம் வாரத்தில் தண்டின் நடுவே குருத்துயிரணுக்கள் பருத்து, தம்மைச் சூழ்ந்த பொருளைச் சுண்ணமேற்றிவிட்டு மடிய, அவ்வழியே இரத்தக் குழாய்கள் நுழைந்து எலும்பு கட்டும் உயிரணுக்களைக் கொண்டுவருகின்றன. பிறந்த பின்பும், நுனியருகே எஞ்சிய குருத்துத் தட்டில் ஒருபுறம் புதிய அணுக்கள் பெருக மறுபுறம் பழையவை எலும்புக்கு இடம்விட, எலும்பு நீள்கிறது. மணிக்கட்டில் அத்தட்டு ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 17, 18 வயதளவில் மூடிவிடும். ஆகவே குருத்து முற்றி எலும்பாவதில்லை. வேறொருவர் வீடு கட்டக் காணியை விட்டுக்கொடுத்துப் போகிறது.

என் 'ஆம்' பிழையென்று பேரனிடம் ஒப்புக்கொண்டேன். மறுவாரமே, பருத்த குருத்துயிரணுக்களுட் சில மடியாமல் தாமே எலும்பு கட்டும் அணுக்களாக மாறுவதை 2014இல் எலிகளிற் கண்டறிந்தனர் என்று வாசிக்க நேர்ந்து, அவனை மறுபடியும் கூப்பிட வேண்டியதாயிற்று.