மூலமும் உரையும்

இலக்கியம் படிக்கிறவர்களுக்கும் கணினி வலையமைப்புச் சான்றிதழுக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. அந்த உறவு நாங்களாகத் தேடிக்கொண்டதன்று; எங்கள் நண்பர் ஒருவரின் வேலை போனதால் வந்து சேர்ந்தது.

கும்பகோணத்தில் ஞாயிறுதோறும் மாலை வேளையில் கூடிச் சங்கப் பாடல்களை உரையோடு வைத்துப் படிக்கும் பழக்கம் எங்கள் நால்வருக்கு உண்டு. நால்வரில் ஒருவர் அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவர். தல வரலாறு, கல்லூரி மலர், திருமண அழைப்பிதழ், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு என்று இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே அச்சகத்தில் கழித்தவர். 2022ஆம் ஆண்டின் இறுதியில் அந்த அச்சகம் மூடப்பட்டது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். நகலகம் ஒன்றில் நாட்கூலிக்குத் தட்டச்சு செய்துகொண்டே வேறு வழி தேடினார். அச்சகத்தில் நான்கு கணினிகளையும் அச்சுப்பொறிகளையும் கம்பி இழுத்து இணைத்து வைத்திருந்தவரும் அவரே என்பதால், அந்தத் தொழிலையே முறையாகக் கற்றால் என்ன என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது.

அடுத்த ஆண்டின் நடுவில் பயிற்சி நிலையம் ஒன்றின் அச்சிட்ட பாடத்திட்டத்தோடு அவர் வந்தார். மூன்று மாதப் பயிற்சி, 45,000 ரூபாய், வேலைக்கு உறுதி. அவருடைய மனைவி எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: “அண்ணா, வளையலை வைத்துவிடலாமா? நீங்கள் படித்தவர்கள், பார்த்துச் சொல்லுங்கள்.”

தமிழ் படித்தவர்களாகிய எங்களுக்கு வலையமைப்பைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் ஒரு நூலின் காலத்தை எப்படிக் கணிப்பது என்பது ஓரளவு தெரியும். ஆகவே ஒரு வாரத் தவணை கேட்டு வாங்கினோம்.

தேடுபொறியில் சிசிஎன்ஏ என்று இட்டால் முதலில் வருபவை விளம்பரங்கள். அடுத்து வருபவை விளம்பரம் போலத் தோன்றாத விளம்பரங்கள். பத்துப் பக்கம் படித்தும் ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் உரை சொல்கிறார்கள்; மூலம் எங்கே? மூலம் கையில் இல்லாமல் எந்த உரை நல்லுரை, எது பொய்யுரை என்று எப்படிச் சொல்வது? எனவே உரைகளையெல்லாம் மூடிவைத்துவிட்டுச் சான்றிதழ் வழங்கும் நிறுவனத்தின் தளத்துக்கே சென்றோம். அங்கே, யாரும் பணம் கேட்காமல், சில பக்கங்களில் அடங்கும் தேர்வுப் பொருளடக்கம் கிடைத்தது. ஆறு இயல்கள். வலையமைப்பின் அடிப்படைகளுக்கு 20 விழுக்காடு, வலையமைப்பு அணுகலுக்கு 20, ஐபி இணைப்புக்கு 25, ஐபி சேவைகளுக்கு 10, பாதுகாப்பின் அடிப்படைகளுக்கு 15, தானியக்கத்துக்கு 10. ஒவ்வோர் இயலின் கீழும் உட்தலைப்புகள். “விளக்குக”, “ஒப்பிடுக”, “அமைத்துச் சரிபார்க்க” என்ற வினைச்சொற்கள் ஒவ்வொன்றும் எண்ணி இடப்பட்டவை. விளக்குக என்றால் கருத்து தெரிந்தால் போதும்; அமைத்துச் சரிபார்க்க என்றால் கையால் செய்து பழக வேண்டும். இந்த வேறுபாட்டை எங்களுக்கு எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

வரலாற்றையும் கொஞ்சம் பார்த்தோம். சிஸ்கோ நிறுவனம் இச்சான்றிதழை 1998இல் தொடங்கியது. பின்னாளில் பாதுகாப்பு, கம்பியில்லாத் தொடர்பு, தரவு மையம் என்று இது பல கிளைகளாகப் பிரிந்தது. 2020 பிப்ரவரி 24 முதல் அக்கிளைகளில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டு 200-301 என்ற எண் கொண்ட ஒரே தேர்வாக ஆக்கினார்கள். பழைய தேர்வில் இடம்பெற்றிருந்த ஈஐஜிஆர்பி என்னும் வழித்தேர்வு நெறிமுறை புதிய பொருளடக்கத்தில் இல்லை. ஓஎஸ்பிஎஃப் மட்டும் நின்றது. ஃபிரேம் ரிலே என்ற பழைய இணைப்பு முறை அதற்கும் முன்னரே, 2016இல் வந்த திருத்தத்தில் கழிக்கப்பட்டுவிட்டது.

இப்போது நண்பர் கொண்டுவந்த 45,000 ரூபாய்ப் பாடத்திட்டத்தைப் பிரித்தோம். ஃபிரேம் ரிலேவுக்கு முழுதாக இரண்டு நாள். ஈஐஜிஆர்பிக்கு மூன்று நாள். தானியக்கம் என்ற சொல்லே இல்லை. அகச்சான்று இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது எங்கள் துறையில் அரிது! 2016க்கு முன் தொகுத்த பாடத்தைத் தாளை மட்டும் மாற்றி 2023இல் விற்றுக்கொண்டிருந்தார்கள். வளையல் கையிலேயே இருந்தது.

அதன்பின் நல்ல உரைகளைத் தேடும் வேலை. மூலம் கையில் இருந்ததால் இது எளிதாயிற்று. இணையத்தில் எந்தப் பாடத்தைக் கண்டாலும் மூன்றே கேள்விகள் கேட்டோம். எந்தத் தேர்வு எண்ணுக்காகச் செய்தது? எந்த ஆண்டு? ஆறு இயல்களையும் தொடுகிறதா, அல்லது ஆசிரியருக்குப் பிடித்த இரண்டை மட்டுமா? இந்தச் சல்லடையில் நின்றவை மிகச் சில. யூடியூபில் ஜெரெமிஸ் ஐடி லேப் என்ற பெயரில் வரும் முழுப் பாடவரிசை அவற்றுள் ஒன்று. கட்டணம் இல்லை, ஒவ்வொரு பாடத்துக்கும் பயிற்சியும் உண்டு. புத்தகம் என்றால் வெண்டல் ஓடம் எழுதிய இரண்டு பாகங்கள். தடித்த நூல்கள்தாம், ஆனால் அவர் சொல்லவந்ததை விட்டு விலகுவதில்லை.

கருவி இல்லாமல் எப்படிப் பழகுவது என்ற கவலை நண்பருக்கு இருந்தது. பழைய திசைவி ஒன்றை விலைக்கு வாங்கலாமா என்று விசாரித்தும் வைத்திருந்தார். அதற்குத் தேவை இருக்கவில்லை. சிஸ்கோவின் வலையமைப்புப் பயிலகத் தளத்தில் பதிவு செய்துகொண்டால் பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறார்கள். திசைவிகளையும் சுவிட்சுகளையும் திரையில் வரைந்து, கம்பியால் இணைத்து, கட்டளைகளை இட்டுப் பார்க்கலாம். நகலகத்தின் பழைய மடிக்கணினியிலேயே அது ஓடியது.

அவருடைய படிப்பில் நாங்கள் மறக்க முடியாத ஒரு மாலை உண்டு. உள்வலைப் பகுப்பு என்ற பாடம். எண் முகவரிகளைக் கூறுபோடுவது. 192.168.10.0 என்ற வலையை 26 என்ற முன்னொட்டோடு பிரித்தால் ஒவ்வொரு கூறுக்கும் 64 முகவரிகள். முதலாவது அந்த வலைக்கே பெயர், கடைசி எல்லாருக்கும் ஒருசேர அறிவிக்க, மிச்சம் 62 பயன்பாட்டுக்கு. அடுத்த கூறு 64இல் தொடங்கும், அதற்கடுத்தது 128, பின் 192. காணொளியில் பலமுறை கேட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. ஏன் 64, ஏன் 60 ஆகக் கூடாது, ஏன் நடுவில் 50இல் தொடங்கக் கூடாது? எங்களுக்கும் பதில் தெரியவில்லை. திடீரென்று அவரே சிரித்தார். “ஃபாரம்தானே இது!” என்றார். புத்தகம் அச்சிடும்போது ஒரு தாளை மடிக்க மடிக்க 4, 8, 16, 32 பக்கங்கள் வரும். 20 பக்கத்துக்கு மடிப்பு கிடையாது. இரண்டாம் ஃபாரம் 17ஆம் பக்கத்தில்தான் தொடங்கும், 12இல் தொடங்காது. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கையால் மடித்த கணக்கு! அதன்பின் அந்தப் பாடத்தில் அவருக்கு விரல்விட்டு எண்ணும் தேவைகூட இருக்கவில்லை. அச்சுத்தொழில் அவருக்குக் கொடுத்த கடைசிக் கூலி என்று அதைச் சொல்லலாம்.

எங்களுக்கென்று ஒரு புதையலும் கிடைத்தது. இணையத்தின் நெறிமுறைகளையெல்லாம் வரையறுக்கும் ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசை. முதல் ஆவணத்தை 1969இல் ஸ்டீவ் கிராக்கர் எழுதினார். அன்றுமுதல் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன. யாரும் இலவசமாகப் படிக்கலாம். பதிப்பாளர் மனம் குளிரும் செய்தி என்னவென்றால், ஒருமுறை வெளியான ஆவணத்தில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த மாட்டார்கள். மாற்ற வேண்டுமானால் புது எண்ணில் புது ஆவணம். நம் வீடுகளில் காணும் 192.168 என்ற முகவரி ஏன் எல்லார் வீட்டிலும் ஒன்றாகவே இருக்கிறது என்பதற்கு 1996 பிப்ரவரியில் வந்த 1918ஆம் எண் ஆவணத்தில் விடை இருக்கிறது. தனக்கு முந்தைய 1597, 1627 ஆகியவற்றை விலக்குவதாக அது தன் தலைப்பிலேயே அறிவிக்கிறது. நம் பழைய நூல்களின் பதிப்புகளில் எதை எது விலக்கியது என்று அறிய நாம் படும் பாட்டை நினைத்துப் பெருமூச்சு விட்டோம். சரி, அது வேறு கதை.

ஆங்கிலம் இடையில் நின்றது. தேர்வு தமிழில் இல்லை. ஆனால் கருத்தைத் தமிழில் வாங்கிக்கொண்டு பிறகு ஆங்கிலத்துக்குப் போனால் சுமை பாதியாகக் குறைகிறது. 2012 முதல் வெளிவரும் கணியம் இதழும், அதன் “எளிய தமிழில்” வரிசை மின்னூல்களும் லினக்ஸுக்குக் கைகொடுத்தன. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டியூட்டோரியல் பாடங்கள் தமிழ்க் குரலிலும் உள்ளன. ஒவ்வொன்றும் பத்து நிமிட அளவு, நிறுத்தி நிறுத்திப் பக்கத்திலேயே செய்து பார்க்க ஏற்றவை. 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தில் கரக்பூர் ஐஐடி பேராசிரியர்கள் நடத்திய கணினி வலையமைப்புப் பாடமும் உண்டு. அது தேர்வுக்கான பாடமன்று. ஏன் என்ற கேள்விக்கான பாடம். நண்பர் அதைச் சில வாரங்கள் பார்த்துவிட்டு, தேர்வு முடிந்தபின் மீதியைப் பார்ப்பதாக வைத்தார். அது சரியான முடிவு என்பதே எங்கள் எண்ணமும்.

ஒரு விஷயத்தைக் கடுமையாகவே சொல்ல வேண்டும். “டம்ப்” என்று ஒன்று இணையமெங்கும் விற்கிறார்கள். தேர்வு எழுதியவர்கள் நினைவில் கொண்டுவந்த உண்மையான வினாக்களும் விடைகளும். வினாக்களை வெளியே சொல்வதில்லை என்று ஒவ்வொரு தேர்வரும் ஒப்புக்கொண்டுதான் தேர்வு எழுதுகிறார். பிடிபட்டால் சான்றிதழ் பறிபோகும், மீண்டும் எழுதத் தடையும் வரலாம். நகலகத்துக்கு வந்த இளைஞர் ஒருவர் 800 ரூபாய்க்கு ஒரு தொகுப்பைத் தருவதாக நண்பரிடம் சொன்னார். தேர்வுக் கட்டணமோ 300 அமெரிக்க டாலர். வரியோடு 25,000 ரூபாயைத் தாண்டும். தோற்றால் மறுபடியும் முழுக் கட்டணம். அந்த நிலையில் உள்ள ஒருவருக்கு 800 ரூபாய் எவ்வளவு பெரிய ஆசை என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம். அவர் வாங்கவில்லை. காரணம் கேட்டதற்கு, “நாளைக்கு ஓர் ஆஸ்பத்திரியில் லைன் போனால் அந்தப் பேப்பரையா எடுத்துப் பார்ப்பேன்?” என்றார்.

பாதி வழியில் இன்னொரு சோதனை. 2024 ஆகஸ்டில் தேர்வுப் பொருளடக்கம் 1.1 என்று திருத்தப்பட்டது. ஓராண்டு படித்ததெல்லாம் போயிற்றோ என்று அவர் கலங்கிவிட்டார். பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் அருகருகே அச்சிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் பாடபேதம் குறிப்பதைப் போலவே குறித்தோம். மாறியது மிகக் கொஞ்சம். பப்பெட், செஃப் ஆகிய கருவிகள் போய்ப் பழைய ஆன்சிபிளோடு டெர்ராஃபார்ம் சேர்ந்தது. செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு குறிப்பு வந்தது. மேகவழி மேலாண்மை தலைகாட்டியது. இயல்களின் விழுக்காடு அப்படியே இருந்தது. மாலைக்குள் அவர் முகம் தெளிந்தது. ஓடத்தின் நூலுக்கு அவ்வாண்டே இரண்டாம் பதிப்பு வந்தது. முதற்பதிப்பை வைத்துக்கொண்டு வேறுபாடுகளை மட்டும் தனியே படித்தார்.

2025 பிப்ரவரியில் சென்னைக்குச் சென்று எழுதினார். வீட்டிலிருந்தே எழுதவும் வழி உண்டு. ஆனால் அறையில் வேறு யாரும் நுழையக் கூடாது, கேமரா முழுநேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். ஒற்றை அறை வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. இரண்டு மணி நேரத் தேர்வு. கடந்துபோன வினாவுக்குத் திரும்ப முடியாது. வினாவில் “எவை இரண்டு”, “தவிர” போன்ற சிறு சொற்களில்தான் பலர் வழுக்குகிறார்கள் என்றும், மெய்ப்புத் திருத்திய கண்ணுக்கு அவை தப்பவில்லை என்றும் ஊர் திரும்பிச் சொன்னார். தேறிவிட்டார்.

வேலை உடனே கிடைக்கவில்லை. நான்கு மாதம் விண்ணப்பம் போட்டார். வயதைப் பார்த்தே பல இடங்களில் பதில் வரவில்லை. இப்போது தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் மூன்று மாடிகளின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறார், பெரும்பாலும் இரவுப் பணி. சம்பளம் 17,000 ரூபாய்; அச்சகத்தில் கடைசியாக வாங்கியதைவிட 1,000 ரூபாய் குறைவு. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சான்றிதழ் மூன்றாண்டுகளுக்குத்தான் செல்லும்; 2028க்குள் புதுப்பிக்க வேண்டும். அதற்கிடையில் லினக்ஸ் புரொஃபஷனல் இன்ஸ்டிடியூட் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கும் பாடநூலைத் தரவிறக்கி, இரவுப் பணியில் மணி இரண்டுக்குமேல் படிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கியாக வேண்டியிருப்பதால் எங்கள் கூட்டத்தைப் புதன் மாலைக்கு மாற்றிக்கொண்டோம்.