பழுவேட்டரையரின் பிடி

தொடர்கதை எழுதுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: அத்தியாயத்தைத் திடுக்கிடும் இடத்தில் நிறுத்தி 'தொடரும்' போட்டுவிட்டால் போதும், வாசகர் அடுத்த வாரம் தானாக வந்துவிடுவார். கீழே வைக்க முடியாத நாவல் என்று பலரும் சொல்லும், கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்'தான் இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று. 1950 முதல் 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டு, 'கல்கி' இதழில் வந்த கதை அது. திருப்பங்களுக்கும் அதில் பஞ்சமில்லை. ஆனால் ஐந்து பாகங்களையும் ஒன்றாக வாங்கிப் படிக்கிறவருக்குக் காத்திருக்க வாரம் ஏது? பக்கத்தைப் புரட்டினால் விடை வந்துவிடுகிறது. மூன்றாம் முறை படிக்கிறவருக்கு விடை முன்பே தெரியும். அருள்மொழிவர்மன்தான் பின்னாளில் ராஜராஜன் என்பது பள்ளிப் பாடம். அப்படியும் நள்ளிரவு தாண்டி விளக்கு எரிகிறதென்றால், பிடித்து வைத்திருப்பது வேறு ஏதோ ஒன்று.

அது என்னவென்று பார்க்கப் பெரிய பழுவேட்டரையரைவிட நல்ல பாத்திரம் இல்லை. அவருடைய பழுவூர் கற்பனை ஊரல்ல. 2007-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்த அரியலூர் மாவட்டத்தில், தஞ்சாவூர் செல்லும் சாலையில் கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும் இருக்கின்றன. அருகே கீழையூரில் பழுவேட்டரையர் காலத்து இரட்டைக் கோயில் இன்றும் நிற்கிறது. இந்தக் குடும்பம் சோழருக்குப் பகையல்ல, சம்பந்தி. முதலாம் பராந்தகன் பழுவூரில் பெண் எடுத்தான்; அவளுக்குப் பிறந்தவன் அரிஞ்சயன் என்று சுந்தர சோழன் காலத்து அன்பில் செப்பேடு சொல்கிறது. அரிஞ்சயனின் மகன்தான் அந்தச் சுந்தர சோழன். கதையில் எந்த அரச குடும்பத்துக்கு எதிராகச் சதி நடக்கிறதோ, அதன் உடம்பிலேயே பழுவூர் ரத்தம் ஓடுகிறது. கல்கி இந்த வீட்டுப் பெரியவரைச் சதியின் தலைவராக்குகிறார். அதே சமயம் இருபத்து நான்கு போர்களில் பெற்ற அறுபத்து நான்கு விழுப்புண்களையும் அவர் மார்பில் வைக்கிறார். முதுமையில் இளம் மனைவி நந்தினி மேல் வந்த மோகத்தையும் கொடுக்கிறார். வெறுக்கலாம் என்று நினைக்கும்போது புண்கள் குறுக்கே வருகின்றன. மதிக்கலாம் என்றால் மோகம் வருகிறது. இந்த மனிதரைப் பற்றி ஒரு முடிவுக்கு வரவே விடாமல் நாவல் நம்மை நடத்திச் செல்கிறது. என் கட்சி இதுதான்: புத்தகத்தைக் கையோடு ஒட்ட வைப்பது மறைத்து வைத்த செய்தி அல்ல, தீர்ப்புச் சொல்ல முடியாத மனிதர். செய்தி ஒரு முறை வெளிப்பட்டதும் அதன் வேலை முடிந்துவிடும். மனிதரை ஒவ்வொரு வாசிப்பிலும் மறுபடி எடைபோட வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிராக இரண்டு சொல்வார்கள். ஒன்று, அரசர் கதையில் அரியணையும் கொலையும் இருக்கின்றன, விறுவிறுப்பு அவற்றால்தான் என்பது. அப்படியானால் 1994-இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' எப்படிப் பிடிக்கிறது? அதில் அரியணை இல்லை. துணி வெளுக்கும் ஆரோக்கியம் களத்துமேட்டில் நெல்லுக்காக நிற்கிறாள். இன்று எவ்வளவு விழும் என்ற கவலை நம்மையும் தொற்றுகிறது. அவளை நம்பி வாழும் ஊர்தான் அவளைக் கைவிடவும் செய்கிறது. அந்த ஊரைக் கொடியது என்று ஒரே சொல்லில் ஒதுக்கவும் முடிவதில்லை, அவர்களும் ஒடுக்கப்பட்டவர்கள். பழுவேட்டரையரிடம் நடந்ததே இங்கும் நடக்கிறது, சதியும் குதிரையும் இல்லாமல். இரண்டாவது ஆட்சேபம் கனமானது: முதல் வாசிப்பில் நம்மை ஓட வைப்பது 'அடுத்து என்ன' என்ற பரபரப்புதானே? ஆமாம். அதை மறுத்தால் தொழில் தெரியாதவன் ஆவேன். கதாநாயகன் வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகையில் சதியாலோசனையை ஒட்டுக்கேட்கும் இரவு இல்லாவிட்டால் பலர் முதல் பாகத்தையே தாண்டியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் காட்சியிலும் கல்கி வெறும் ரகசியத்தைக் கசியவிட்டு நிறுத்தவில்லை. சோழ நாட்டுக்காகவே வாழ்ந்த ஒருவர் வாயிலிருந்து அதைக் கேட்க வைக்கிறார். பரபரப்பு வாசலைத் திறக்கிறது, உள்ளே உட்கார வைப்பவர் அந்தக் கிழவர்.

தொடர் முடிந்ததும் வாசகர்கள் கல்கியிடம் கேட்டவற்றைப் பாருங்கள். யார் யார் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று கேட்டார்கள். பதில் சொல்வதற்காகவே அவர் ஒரு முடிவுரை எழுத வேண்டியிருந்தது.