காட்டப்படாத அட்டை

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை மதியம். வீரகேரளம்புதூரில் எங்கள் வீட்டு முன்னறையில் அண்ணன் மகனோடு உட்கார்ந்து பாரிஸ் ஒலிம்பிக் ஹாக்கியின் காலிறுதி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தியாவுக்கு எதிரே பிரிட்டன். 17ஆவது நிமிடத்தில், பந்தோடு முன்னேறிய அமித் ரோஹிதாஸின் மட்டை, பின்னால் நெருங்கி வந்த வில் கால்னனின் தலையில் பட்டது. காணொளியில் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார்கள். பிறகு சிவப்பு அட்டை. மீதி நாற்பத்து மூன்று நிமிடங்களையும் இந்தியா பத்துப் பேரோடு ஆடவேண்டும்.

நான் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினேன். அநியாயம் என்றேன். நடுவர்களைப் பற்றி இங்கே எழுதத் தகாத சில சொற்களையும் சொன்னேன். பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்:

"வேணும்னுதான் அடிச்சாரா, சித்தப்பா?"

"இல்லடா, தற்செயலாப் பட்டது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. மட்டையை வீசியவனுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை எனக்குத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது. அதைவிட, மட்டையை வீசியவனுக்கு அது எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தெரியும்.

எங்கள் பக்கத்து ஊர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாகக் குற்றாலத்தில் தொடங்கிச் சாரலில் முடிப்பார்கள். கொஞ்சம் இலக்கியம் தெரிந்தவர்கள், உத்துமலை ஜமீனின் அரண்மனை இருந்த ஊர் இது என்பதையும், காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்தது அந்த ஜமீன்தான் என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். ஹாக்கியைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். சொல்ல வேண்டியது கிழக்கே கோவில்பட்டியைப் பற்றித்தான். வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய். இலக்கிய வாசகர்களுக்குத் தேவதச்சனும் பூமணியும் கோணங்கியும், பக்கத்து இடைசெவலின் கி.ரா.வும். ஆனால் அந்த ஊரில் ஒரு தெருவில் எழுத்தாளர் இருந்தால் அடுத்த தெருவில் ஹாக்கி ஆட்டக்காரர் இருப்பார். அகில இந்திய அணிகள் வந்து ஆடும் லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி அங்கேதான் நடக்கிறது. 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த மண்ணில் வளர்ந்தவர்.

அந்த ஊரிலிருந்து கிளம்பிய காற்று கொஞ்சம் எங்கள் பள்ளிக்கூடத்துப் பக்கமும் அடித்தது. எண்பதுகளின் கடைசியில் எங்களுக்கு ஒரு ஹாக்கி அணி இருந்தது. மட்டைகள் பதினொன்றுக்குக் குறைவாகவே இருந்ததால் பயிற்சியின்போது மாற்றி மாற்றி ஆடுவோம். கணுக்காலுக்குக் காப்பு கிடையாது. நோட்டு அட்டையை மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொள்வோம். மழை பெய்து மைதானம் சேறாகும் நாட்களில் பி.டி. சார் எங்களை வராந்தாவில் உட்காரவைத்துத் தியான்சந்த் கதைகளைச் சொல்வார். ஒருமுறை எதிரணிக்காரன் தியான்சந்தின் தலையில் மட்டையால் அடித்துவிட, அவர் கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பிவந்து, "பழிவாங்காமல் விடமாட்டேன்" என்று சொல்லி, அடுத்தடுத்து ஆறு கோல் போட்டாராம். இந்தியாவில் ஹாக்கி கற்றுக்கொண்ட எல்லாப் பையன்களும் இந்தக் கதையை ஏதோ ஒரு வராந்தாவில் கேட்டிருப்பார்கள். சார் அதைச் சொன்னது ஆறு கோலுக்காக. எங்கள் மனதில் நின்றது ரத்தம் கசியும் அந்தக் கட்டு. அடிபடுவதும் அடிப்பதும் இந்த ஆட்டத்தோடு சேர்ந்தவை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அந்த ஆண்டு வட்டாரப் போட்டியின் அரையிறுதியில் நான் ரைட் ஹாஃப். எதிரணியின் லெஃப்ட் அவுட்டைப் பிடித்து நிறுத்துவது என் வேலை. ஒல்லியான பையன், என்னைவிட ஒரு வயது இளையவனாக இருக்கலாம். முதல் பாதியில் நான்கு முறை என்னைத் தாண்டிப் போனான். ஒவ்வொரு முறையும் பந்தை என் வலப்பக்கம் தட்டிவிட்டு இடப்பக்கமாக ஓடி எடுத்துக்கொள்வான். நான்காம் முறை மைதானத்துக்கு வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். இடைவேளையில் பி.டி. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவன ஓட விடாத டே," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எந்தப் பயிற்சியாளரும் சொல்லக்கூடிய வாக்கியம்தான். அதற்கு ஓராயிரம் நேர்மையான அர்த்தங்கள் உண்டு. முன்னாலேயே போய் வழியை மறி, கோட்டை ஒட்டித் தள்ளு, பந்து அவனுக்கு வருவதற்கு முன் வெட்டு. எனக்கு எது வேண்டுமோ அதைத்தான் நான் கேட்டேன். இரண்டாம் பாதியில் ஐந்தாவது முறை அவன் பந்தைத் தட்டியபோது நான் பந்தைப் பார்க்கவே இல்லை. மட்டை அவன் கணுக்காலுக்குச் சற்று மேலே இறங்கியது. காய்ந்த சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி உருண்டு போய்க்கொண்டிருந்தது.

நடுவர் எதிர்முனையிலிருந்து ஓடிவந்தார். மட்டைகள் மோதியதைத்தான் அவர் பார்த்திருக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு ஃப்ரீ ஹிட் கொடுத்தார். அந்த நாட்களில் எங்கள் வட்டாரப் போட்டிகளில் எந்த நடுவரும் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நான் பார்த்ததில்லை. பையனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரோ நாட்டுவைத்தியரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். எல்லோருக்கும் கோலி சோடா கிடைத்தது. சார் என் முதுகில் தட்டி, "நல்லா நின்னு ஆடுன டே" என்றார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியின் அணி வந்தபோது அந்தப் பையனைத் தேடினேன். அவன் இல்லை. படிப்பு முடிந்திருக்கலாம். வேறு ஊருக்குப் போயிருக்கலாம். கால் சரியாகி வேறெங்காவது ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். அவன் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊரின் பெரிய கோயில் நவநீதகிருஷ்ணனுடையது. கண்ணன் கதைகள் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கதைகளில் எனக்குப் பின்னால் மிக நெருக்கமாகிப்போன ஆள் பலராமன். பீமனும் துரியோதனனும் கதாயுத்தம் செய்கிறார்கள். நாபிக்குக் கீழே அடிக்கக்கூடாது என்பது விதி. நேர்மையாக ஆடினால் துரியோதனன்தான் ஜெயிப்பான் என்று தெரிந்தபோது தொடை தட்டிக் காட்டப்படுகிறது. நாம் கேட்ட கதைகளில் தட்டுவது கண்ணன். வியாசரில் கண்ணன் பேச்சைக் கேட்டு அர்ஜுனன் தன் தொடையைத் தட்டிக் காட்டுகிறான். பீமன் தொடையை முறிக்கிறான். இருவருக்கும் கதை பிடிக்கக் கற்றுக்கொடுத்த பலராமன் கலப்பையைத் தூக்கிக்கொண்டு பாய்கிறான். கண்ணன் தழுவிப் பிடித்துச் சமாதானம் சொல்கிறான்: சபதம் இருந்தது, சாபம் இருந்தது, முன்பு அவர்கள் செய்த அநீதிகள் இருந்தன. எல்லாம் சரியான காரணங்கள்தான். பலராமன் சமாதானமாகவில்லை. பீமனை வஞ்சகப் போராளி என்றே உலகம் சொல்லும் என்று கூறிவிட்டுத் துவாரகைக்குத் தேரேறிப் போய்விடுகிறான். தண்டிக்க முடியாத நடுவர் அவன். விதி மீறப்பட்டது என்று வாய்விட்டுச் சொல்ல மட்டுமே அவனால் முடிந்தது. ஆனால் அதையாவது சொல்ல ஒருவன் இருந்தான்.

ரோஹிதாஸின் அட்டை சரியா தவறா என்று அன்றிரவு தேடிப் படிக்கப்போய், இன்னொரு ஹாக்கிக்குப் போய்ச் சேர்ந்தேன். பனிக்கட்டியின் மேல் சறுக்குக் காலணியோடு ஆடும் ஹாக்கி. இந்த விவாதம் அங்கே மிகப் பழையது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் இருவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குத்திக்கொண்டால் இருவருக்கும் ஐந்து நிமிடத் தண்டனை. தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவந்து ஆடலாம். ஒலிம்பிக் போன்ற சர்வதேசப் போட்டிகளிலும் அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளிலும் சண்டையிட்டவர் வெளியேறியாக வேண்டும். ஒரே ஆட்டம்தான், அங்கே குற்றம், இங்கே மரபு. லீகின் வழக்கத்தை ஆதரிக்கிறவர்கள் சொல்லும் காரணத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் கையில் மட்டையோடு மோதிக்கொள்ளும் ஆட்டத்தில், அடித்தால் திருப்பி அடிவிழும் என்ற பயம் இருந்தால்தான் நட்சத்திர ஆட்டக்காரர்கள் பிழைப்பார்கள் என்கிறார்கள். அதற்காகவே அணிகள் சண்டைக்காரர்களை வைத்திருந்தன. பயிற்சியாளர் வந்து தோளில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், எதற்கு என்று அவர்களுக்குத் தெரியும். அதைப் படித்தபோது எனக்குத் தொடையைத் தட்டிய கை நினைவுக்கு வந்தது.

டெரெக் பூகார்ட் அப்படி ஒரு சண்டைக்காரர். அந்த லீகில் 277 ஆட்டங்களில் அவர் போட்ட கோல்கள் 3. தண்டனைப் பெட்டியில் கழித்தவை 589 நிமிடங்கள். 2011இல், 28ஆவது வயதில், மதுவும் வலிநிவாரணி மாத்திரையும் சேர்ந்து அவர் உயிரைக் கொண்டுபோயின. அவருடைய மூளையை ஆராய்ந்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய சிதைவு நோய் முற்றிய நிலையில் இருந்ததைக் கண்டார்கள். அதே 2011இல் லீக், வீரர்களின் பாதுகாப்புக்கென்று ஒரு துறையை ஏற்படுத்தியது. ஐந்து நிமிட விதி அப்படியே நின்றது.

அந்த விதியில் ஒரு நுணுக்கம் என் கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் ஒரே தண்டனை என்பதால், சண்டையிட்ட இருவருக்கும் பதிலாக மாற்று வீரர்கள் இறங்கிக்கொள்ளலாம். எந்த அணிக்கும் ஆள் குறைவதில்லை. அதாவது, அந்தச் சண்டைக்கு ஆட்டம் எந்த விலையும் கொடுப்பதில்லை. முழு விலையையும் பூகார்ட் என்ற ஒருவனின் உடம்பு கொடுத்தது.

நம் ஹாக்கியின் அட்டைகள் வேறுமாதிரியானவை. பச்சைக்கு இரண்டு நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது ஐந்து நிமிடம், சிவப்புக்கு மீதி ஆட்டம் முழுவதும். அத்தனை நேரமும் அணியில் ஓர் ஆள் குறைவு. தவறு ஒருவனுடையது, ஓட்டம் மற்றவர்களுடையது. இது அநீதி என்றுதான் இளவயதில் நினைத்திருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பத்துப் பேர் தனக்காக மூச்சுவாங்க ஓடுவதை வெளியே உட்கார்ந்து பார்ப்பவனுக்கு, அவன் செய்ததன் எடை கண்ணுக்குத் தெரிகிறது. ஓடுகிறவர்களும், அடுத்தமுறை எவனும் மட்டையை ஓங்காமல் பார்த்துக்கொள்வார்கள். முதுகில் தட்டிக்கொடுக்கமாட்டார்கள்.

நம்மிடம் ஒழுங்கு அப்படியொன்றும் செழித்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2019 நவம்பரில் டெல்லியில் நேரு கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பஞ்சாப் போலீஸ் அணியும் பஞ்சாப் நேஷனல் வங்கி அணியும் மட்டைகளாலேயே அடித்துக்கொண்டன. ஹாக்கி இந்தியா 11 வீரர்களை இடைநீக்கம் செய்தது. அன்றைய காணொளியைப் பார்த்த பலரும் வெட்கக்கேடு என்றார்கள். நானும் சொன்னேன். எவ்வளவு எளிதாகச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்துப்பார்க்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். பத்துப் பேர் ஆடினார்கள். 22ஆவது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் சிங் கோல் போட்டார். 27ஆவது நிமிடத்தில் லீ மார்ட்டன் சமன் செய்தார். அதன்பிறகு பிரிட்டன் அலையலையாக வந்தது. ஸ்ரீஜேஷ் கம்பங்களுக்கு நடுவே மலைபோல் நின்றார். ஆட்டம் 1–1 என்று முடிந்து, ஷூட் அவுட்டில் இந்தியா 4–2 என்று வென்றது. ரோஹிதாஸுக்கு விதிக்கப்பட்ட ஓர் ஆட்டத் தடை மேல்முறையீட்டிலும் நீங்கவில்லை. அவர் இல்லாத அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2–3 என்று தோற்றோம். பிறகு அவரும் சேர்ந்து ஆடி, ஸ்பெயினை 2–1 என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள். ரோஹிதாஸ் வேண்டுமென்று அடித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் கணக்கு எல்லோர் முன்னாலும் எழுதப்பட்டு, எல்லோர் முன்னாலும் தீர்ந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். மற்றவர்களோடு அவரும் மேடையேறிப் பதக்கத்தைக் கழுத்தில் வாங்கிக்கொண்டார். தண்டனையின் கருணை அதுதான் என்று நினைக்கிறேன். ஓர் இடத்தில் அது முடிந்துவிடுகிறது.

காலிறுதி முடிந்ததும் பையன் குதித்து எழுந்தான். வாசலில் கிடந்த தென்னை மட்டையை எடுத்துத் தரையில் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தான். அவன் பள்ளியில் ஹாக்கி கிடையாது, கபடிதான். பிறகு திரும்பி நின்று கேட்டான்:

"சித்தப்பா, நீங்க ஆடும்போது எப்பவாவது கார்டு வாங்கியிருக்கீங்களா?"

"இல்லடா," என்றேன்.

அவன் முகத்தில் பெருமை தெரிந்தது. நான் சொன்னது உண்மைதான்.