முந்திரிக்கும் ஓர் இடம்

தமிழில் பின்னங்களுக்கெனத் தனிக் குறிகள் உண்டு என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் வியக்கின்றனர். முக்கால், அரை, கால், அரைக்கால் என இறங்கி, இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி வரை நம் முன்னோர் குறி வகுத்திருந்தனர். ஓலையில் எழுத்தாணியின் ஓர் இழுப்பில் அமைந்த அவற்றை, இன்று கணினியில் தேடிச் செருக வேண்டியிருக்கிறது.

அறப்பளீசுரர் கோயில் கொண்ட கொல்லிமலை வளப்பூர் நாட்டிலிருந்து வந்து நம்மிடம் ஆய்வு மேற்கொண்ட மாணவர் ஒருவர், தம் பூட்டனாரின் கணக்கேட்டைப் பதிப்பிக்க முனைந்தார். சாமையும் கேழ்வரகும் கொடுத்து வாங்கிய கணக்கு அது. நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி ஆகியவற்றின் குறிகள் ஏடெங்கும் விரவியிருந்தன.

இவற்றால் தொல்லையில்லை. 2003இல் வெளிவந்த ஒருங்குறி 4.0 பதிப்பிலேயே இவை இடம்பெற்றுவிட்டன. வேர்டில் 0, பி, எஃப், 3 என்று ஆங்கில விசைகளால் அடித்து, ஆல்ட் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தினால் ௳ என்னும் நாட்குறி தோன்றும். இறுதி இலக்கம் 4 ஆனால் மாதம் ௴. 5 ஆனால் வருடம் ௵. 6 பற்று ௶. 7 வரவு ௷. 8 மேற்படி ௸.

இடர் பின்னங்களில் தொடங்கிற்று. அவற்றுள் பெரும்பாலானவை 2019இல், 12.0 பதிப்பில்தான் தனித்தொகுதியாகச் சேர்ந்தன. பழைய எழுத்துருக்களில் அவை இரா. மாணவரின் மடிக்கணினியில் தெளிவாய் நின்ற மாக்குறி, அச்சகத்துக் கணினியில் வெற்றுக் கட்டமாயிற்று. “ஐயா, 1/20 என்றே போட்டுவிடலாமா?” என்றார் அவர்.

நாம் இசையவில்லை. மதிப்பு மாறாது என்பது மெய்யே. ஆயினும், அவ்வாறு அச்சிட்டால் அம்மலைவாணர் கோடிட்டுப் பின்னம் எழுதும் பள்ளிக்கணக்குப் பயின்றவர் என்றன்றோ நாளைய ஆய்வாளர் கருதுவர்? அவர் எண்ணிய முறைக்கு அக்குறி ஒன்றே சான்று. மூலத்தை விளக்கலாம், மாற்றுதல் பதிப்பாசிரியரின் வேலையன்று.

வழியும் எளிதே. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் என்னும் இலவச எழுத்துருவில் இப்பின்னக்குறிகள் உள்ளன. அதை நிறுவி, குறிகளைச் செருகி, எழுத்துருவைக் கோப்பிலேயே பொதிந்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பினோம். கட்டங்கள் மறைந்தன. குறிக்குரிய மதிப்பை அடிக்குறிப்பில் தந்தோம்.

அன்பர்தம் இல்லத்துப் பரணிலும் இத்தகைய ஏடுகள் இருக்கக்கூடும். அவற்றைத் தட்டச்சுச் செய்ய அமருமுன், கிறுக்கல் போல் தோன்றும் குறிகளைச் சற்றே உற்று நோக்குங்கள். அவை எழுத்துகளாகவே இருத்தல் கூடும்.