இடுப்பு வலியும் இழிவென்னும் எண்ணமும்

சென்ற ஆண்டில் ஒரு நாட் காலை, படுக்கையை விட்டு எழ முயன்ற நாம் எழமாட்டாமல் அப்படியே சாய்ந்தோம். இடுப்பின் இடப்புறத்திற் புறப்பட்ட வலி, பிட்டத்தின் வழியே இறங்கித் தொடையையும் ஆடுசதையையும் கடந்து, காய்ச்சிய கம்பியைப்போற் கால் பெருவிரல் வரையில் ஓடிற்று. இருமினால் வலி, தும்மினால் வலி, உட்கார்ந்தால் அதனினும் மிகுந்த வலி.

உற்றார் சூழ்ந்தனர். ஏழரைச் சனி என்றார் ஒருவர். நேர்ந்துகொள்ளும்படி சொன்னார் மற்றொருவர். நாமோ மருத்துவமனையை நாடினோம். இது சயாட்டிகா என்று வழங்கும் நரம்பு வலி என்றும், முள்ளெலும்புகளிடையே மெத்தைபோல் அமைந்த வட்டு பிதுங்கி, காலுக்குச் செல்லும் பெரு நரம்பின் வேரை அழுத்துவதால் உண்டாயிற்றென்றும் டாக்டர் விளக்கினார். வட்டுப் பிதுக்கமே இவ்வலிக்குக் காரணமாதலை 1934-ஆம் ஆண்டில் மிக்ஸ்டர், பார் என்னும் அமெரிக்க ரண வைத்தியர் இருவர் உலகறியச் செய்தனர். சனிக்கு இதில் யாதொரு பங்குமில்லை. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் வலி தணியும். படுத்தே கிடவாமல் இயன்றவரை நடக்க வேண்டும். இறுகிய தசை தளர மெல்லப் பிடித்துவிடுவதிலும் தவறில்லை என்றார் அவர்.

நம் ஊரில் முடிதிருத்தும் தொழிலினின்று ஓய்ந்த முதியவர் ஒருவர் உண்டு. பிடித்துவிடுவதிற் கைதேர்ந்தவர். வந்தவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுமுன் கேட்டார்: "ஐயா, நீரும் மலமும் கட்டுக்குள் இருக்கின்றனவா? தொடையிடுக்கு மரத்துப் போகிறதா? பாதத்தைத் தூக்க முடிகிறதா? இதில் ஒன்று கெட்டிருந்தாலும் என் கை உதவாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்."

டாக்டர் கேட்ட கேள்விகளும் இவையே!

"பிதுங்கியதை உள்ளே தள்ளுகிறேன் என்பவனை நம்பாதீர்கள். சதையின் இறுக்கத்தைத்தான் என்னால் தளர்த்த முடியும்" என்று சொல்லி, வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தடவி, முதுகெலும்பை விலக்கி, இடுப்பையும் பிட்டத்தையும் உள்ளங்கையால் அரைமணி நேரம் பிடித்தார். பல நாட்களுக்குப் பின் அன்றிரவு உறங்கினோம். நோய் போய்விடவில்லை; அதைத் தாங்கும் வலிமை வந்தது.

இனி, நாம் வெட்கத்துடன் சொல்லவேண்டிய செய்தி. வேலை முடிந்ததும் பெரியவர் கூடத்தில் அமரவில்லை. பின்வாயிற்படிக்குச் சென்று நின்றார். வீட்டார் தனிக் குவளையிற் காப்பி கொண்டு சென்றனர். அதைக் கண்டும் நாம் வாய் திறக்கவில்லை. மேடைதோறும் சமத்துவம் பேசிய வாய் அது!

மறுமுறை அவர் வந்தபோது, "பெரியவரே, மேசைக்கு வாருங்கள்" என்றோம். "வேண்டாம் ஐயா, நின்றே பழகிவிட்டது" என்றார். கையைப் பற்றி அழைத்துச் சென்றோம். நம்மால் உட்கார முடியவில்லை. ஆகவே அவர் அமர்ந்து பருக, நாம் அருகே நின்று பருகினோம்.

ஆறு வாரங்களில் வலி தணிந்தது. காலத்தால் தணிந்ததோ, நடையால் தணிந்ததோ, அக்கையால் தணிந்ததோ, பிரித்துச் சொல்லுதல் இயலாது. ஆனால் ஒன்று கேட்கிறோம். மருத்துவர் என்றே அச்சமூகத்தாரை நம் முன்னோர் அழைத்தனர்; அவர்தம் பெண்டிர் கையிலேயே பிள்ளைகளைப் பெற்றெடுத்தனர். நம் உடம்பைத் தொடலாம், நம் குவளையைத் தொடலாகாது என்பது எந்த அறிவு? அன்பர்களே, உங்கள் வீட்டுப் பின்வாயிலை ஒருமுறை பாருங்கள். அங்கே இன்னும் ஒரு குவளை தனியே கவிழ்ந்து கிடக்கிறதா?